படி, டயர், தந்தி மணியார்டர் – லாரி டிரைவர்கள் முதலாளியை எடைபோட்ட கதை

வேலை மாறணும்னா நாமெல்லாம் என்ன பாப்போம்? சிடிசி எவ்வளவு, ஹைக் எத்தனை சதவீதம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், ஆன்சைட் உண்டா, வீட்ல இருந்து வேலை பாக்க விடுவானா... அப்புறம் அந்தக் கம்பெனில ஏற்கனவே மாட்டிக்கிட்ட நண்பனுக்கு ஒரு போனைப் போட்டு "மேனேஜர் எப்படிடா?"ன்னு கேப்போம். இதே விஷயத்தை ஒரு லாரி டிரைவர் எப்படி விசாரிப்பார்? அவருக்கு ஆஃபர் லெட்டர் கிடையாது, ஹெச்.ஆர். கிடையாது, பெரும்பாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே கிடையாது. ஆனாலும் ஒரு லாரி ஆபீஸ்ல அரைமணி நேரம் சும்மா உக்காந்துட்டு, "இது சரிப்படாதுடே"ன்னு எந்திரிச்சு வந்துருவாங்க. அந்த அரைமணி நேரத்துல என்னத்தப் பாத்தாங்க?

எங்க ஊர் சங்கரன்கோவில். ஊரைச் சுத்தி லாரிக்கு வேலை கொடுக்கிற ஊருங்கதான். வடகிழக்க சிவகாசி, அங்க பட்டாசும் தீப்பெட்டியும் அச்சு வேலையும். வடக்க ராஜபாளையம், பஞ்சும் நூலும். கிழக்க கழுகுமலை தாண்டி கோவில்பட்டி, மறுபடியும் தீப்பெட்டி. மேற்க புளியங்குடி எலுமிச்சை. எங்க ஊர்ல விசைத்தறிச் சேலை, பூ மார்க்கெட். புளியங்குடி வழியா செங்கோட்டை போயி புளியரை தாண்டினா கேரளா. அதனால தெருவுக்கு ஒரு டிரைவர் வீடாவது இருக்கும். எங்க மாமா (அம்மாவோட தம்பி) 1980கள்ல கிளீனரா ஏறி, முப்பது வருஷம் ஓட்டிட்டு இறங்கினவர். இந்தப் பதிவுல பாதி அவர்கிட்ட பேசினது, மீதி சட்டப் புத்தகங்களையும் பழைய வரலாற்றையும் நோண்டினது.

கொஞ்சம் பின்னாடி போவோம்.

விருதுநகர் - தென்காசி ரயில் பாதை சங்கரன்கோவில் வழியா 1927ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி சரக்குன்னா மாட்டுவண்டிதான். ரயில் வந்த பிறகும் ஸ்டேஷன்ல இருந்து சந்தைக்கும் சந்தையில இருந்து ஸ்டேஷனுக்கும் வண்டிக்காரங்கதான். வண்டிக்காரனுக்கு முதலாளி கிடையாது. மாடு அவனோடது, வாடகை பேச்சுல முடியும். "எந்தக் கம்பெனில சேர்றது"ங்கற கேள்வியே மோட்டார் வந்த பிறகுதான் வருது. ஏன்னா மோட்டாரை வாங்கற அளவுக்கு காசு ஓட்டுறவன்கிட்ட இல்ல. ஓட்டுறவன் ஒருத்தன், வச்சிருக்கறவன் ஒருத்தன்னு ரெண்டாப் பிரிஞ்சது அங்கதான்.

தென்மாவட்டத்துல இந்தக் கதை டி.வி.எஸ். இல்லாம முடியாது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம்ம ஜில்லாக்காரர், 1877ல திருக்குறுங்குடியில பிறந்தவர். ரயில்வேயிலயும் பேங்கிலயும் உத்தியோகம் பாத்துட்டு, அதெல்லாம் வேண்டாம்னு 1911-12 வாக்குல மதுரையில பஸ் ஓட்ட ஆரம்பிச்சார். அவரோட பஸ்ஸைப் பாத்து ஜனங்க கடிகாரத்தை சரி பண்ணுவாங்கன்னு ஒரு கதை. பஸ்ஸுக்கு முன்னாடி காந்தம் கட்டின வண்டியை விட்டு, ரோட்டுல கிடக்கற லாடத்து ஆணியெல்லாம் பொறுக்கவச்சார்னு இன்னொரு கதை. நம்மாட்கள் இதைச் சொல்றப்ப அய்யங்காரோட புத்திசாலித்தனத்தைப் பாராட்டுவாங்க. நான் டிரைவர் பக்கத்துல இருந்து பாக்கறேன். நடுவழியில பஞ்சர் ஆனா இறங்கி ஜாக்கி போட்டு வேர்த்து விறுவிறுத்து நிக்கறவன் யாரு? டிரைவரும் கண்டக்டரும்தான். ஆணியைப் பொறுக்க வண்டி விடற முதலாளின்னா, அவன் வண்டியில ஏறலாம்னுதான் எந்த டிரைவரும் நெனச்சிருப்பான்.

அப்புறம் அந்தக் குழுமத்துல சதர்ன் ரோடுவேஸ்னு பஸ்ஸும் லாரியும் ஓட்டற கம்பெனி, சொந்தப் பட்டறை, டயருக்கு ரீட்ரெடிங் ஆலைன்னு வளந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப கரியை எரிச்சு கேஸ் எடுத்து வண்டி ஓட்டற "கேஸ் பிளான்ட்"டை டி.வி.எஸ்.ஸே செஞ்சு வித்தாங்க. கேக்க நல்லாருக்கும். ஆனா அந்த அடுப்பை விடியறதுக்கு முன்னாடி பத்தவச்சு, கையால ஊதுவிசிறியைச் சுத்தி, புகையில இருமிக்கிட்டு நின்னது கிளீனர் பையன்கள். அந்தக் காலத்துல ஒரு ஆபீஸ் நல்ல ஆபீசான்னு கேட்டா கரி நல்லா வாங்கறானா, ஈரக்கரியான்னுதான் முதல்ல கேட்டிருக்கணும் :-)

மதுரையில டி.வி.எஸ். நகர், பள்ளிக்கூடம்னு தனியா ஒரு உலகமே இருந்துச்சு. "டி.வி.எஸ்.ல வேலை"ன்னா பொண்ணு கொடுக்க யோசிக்க மாட்டாங்கன்னு எங்க தாத்தா தலைமுறை சொல்லும். அதாவது டிரைவர் தொழில்லயே ஒரு உச்சம் உண்டுன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. மாசச் சம்பளம் தேதிக்கு வரும், வண்டி பட்டறையில பாத்து அனுப்பின வண்டியா இருக்கும், நமக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளிருக்கும். இந்த மூணையும் வச்சுத்தான் மத்த எல்லா முதலாளியையும் அளந்தாங்க.

1972ல பஸ் பகுதி அரசுடைமையாகி மதுரையில பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்துச்சு. 1974ல அதுல இருந்து பிரிஞ்சு நெல்லைக்குக் கட்டபொம்மன். அதோட அளவுகோல் மாறிப்போச்சு. கவர்மென்ட் பஸ்ல ஏறினவன் பொழைச்சான், மத்தவன் லாரி. (இந்தக் கழகங்களோட தலைவர் பெயர்களையெல்லாம் 1997ல எடுத்தாங்க. தென்மாவட்ட சாதிக் கலவரம்தான் காரணம். லாரித் தொழில்லயும் "நம்மாளா"ன்னு பாத்து வேலைக்குச் சேக்கறது உண்டு. டிரைவரும் அதையே திருப்பிக் கேப்பார்: "அங்க எல்லாம் ஒரே ஊர்க்காரங்க, நாம போனா ஒட்ட விடமாட்டாங்க." இதை யாரும் சத்தமாச் சொல்ல மாட்டாங்க. தனிப் பதிவே போடலாம்.)

இப்ப சட்டம். நம்ம நாட்டுல டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்னு 1939 மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, நடுவுல அரைமணி ஓய்வு, நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54. அப்புறம் 1961ல மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தனியா வந்துச்சு. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூர ரூட்டுன்னா அனுமதி வாங்கிக்கிட்டு 10 மணி, 54 மணி வரைக்கும். ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம், வாரம் ஒருநாள் லீவு, வருஷத்துல 240 நாள் வேலை பாத்தா 20 நாளைக்கு ஒண்ணுன்னு சம்பளத்தோட விடுப்பு, 100 பேருக்கு மேல இருந்தா கேன்டீன். படிக்கறப்ப நம்ம ஐ.டி. கம்பெனியை விட நல்லாருக்கேன்னு தோணிச்சு.

ஓட்டை எங்கன்னா, அந்தச் சட்டம் 5 தொழிலாளர்களாவது இருக்கற நிறுவனத்துக்குத்தான். நம்ம நாட்டு லாரியில பெரும்பகுதி ஒண்ணு, ரெண்டு, மூணு லாரி வச்சிருக்கற சின்ன ஓனர்களோடது. ரெண்டு லாரிக்கு ரெண்டு டிரைவர், ரெண்டு கிளீனர். மொத்தம் 4 பேர். முடிஞ்சது கதை. பெரிய ஓனரும் மனைவி பேர்ல ரெண்டு, மச்சான் பேர்ல ரெண்டுன்னு வண்டியைப் பிரிச்சு வச்சுக்கலாம். 1994ல வருமானவரிச் சட்டத்துல 44ஏஇன்னு ஒரு பிரிவு கொண்டுவந்தாங்க. 10 லாரி வரைக்கும் வச்சிருக்கறவர் விரிவா கணக்கெழுத வேண்டாம், லாரிக்கு மாசம் இவ்வளவு வருமானம்னு வச்சு வரி கட்டினாப் போதும். சின்ன ஓனருக்கு நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லல. ஆனா ஒரே பேர்ல வண்டி சேராம இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். கணக்கு எழுதாத இடத்துல டிரைவர் சம்பளமும் எழுத்துல இருக்காது. இது எங்க போய்க் கடிக்கும்னு அப்புறம் சொல்றேன்.

1975ல நேஷனல் பர்மிட் வந்தது இந்தத் தொழில்ல பெரிய திருப்பம். அதுக்கு முன்னாடி எங்க பக்கத்து லாரி அதிகபட்சம் தென்மாநிலங்களைச் சுத்திட்டு வந்துரும். நேஷனல் பர்மிட்டுக்கு அப்புறம் சிவகாசிச் சரக்கு நேரா டெல்லிக்கே போச்சு. இங்க இருந்து டெல்லி 2,600 கிலோமீட்டருக்கு மேல. அப்பல்லாம் நாலுவழிச்சாலை கிடையாது. நாளைக்கு 300, 350 ஓடினா ஜாஸ்தி. போக ஒரு வாரம், அங்க லோடு இறக்கக் காத்துக்கிடக்கறது, திரும்ப லோடு கிடைக்கக் காத்துக்கிடக்கறது, நாசிக்ல வெங்காயமோ குண்டூர்ல மிளகாயோ ஏத்திக்கிட்டு வந்துசேர ஒரு மாசம் கூட ஆயிரும். டிரைவர் கேக்கற கேள்விகளே இதுக்கப்புறம் மாறிருச்சு. "மாசம் எவ்வளவு?"ங்கறது பின்னாடி போய், "திரும்புகாலுக்கு லோடு யார் பிடிக்கறா?"ங்கறது முன்னாடி வந்துச்சு. வெளியூர் புக்கிங் ஆபீஸ்ல ஓனருக்குப் பழக்கம் இருந்தா ரெண்டு நாள்ல லோடு கிடைக்கும். இல்லன்னா வண்டிக்கு அடியில சமையல் பண்ணிக்கிட்டு வாரக்கணக்கா கிடக்கணும். நடைக்கு இவ்வளவுன்னோ, வாடகையில இத்தனை சதவீதம்னோ பேசிக்கிட்டு ஓட்டறவனுக்கு சும்மா கிடக்கற நாள் பட்டினி நாள். அதனால நிக்கற நாளுக்கும் படி உண்டான்னு கேட்டுட்டுத்தான் சாவியை வாங்குவாங்க.

மாமா சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது தந்தி மணியார்டர். செல்போன் இல்ல, ஏ.டி.எம். இல்ல. நாக்பூர் பக்கத்துல கிரௌன் உடைஞ்சு போச்சுன்னு வைங்க. கையில இருக்கற காசு சாப்பாட்டுக்குத்தான் காணும். ஊருக்குத் தந்தி கொடுக்கணும், இல்ல டிரங்க்கால் புக் பண்ணிக் காத்திருக்கணும். நல்ல ஓனர் அன்னைக்கே தந்தி மணியார்டர் அனுப்புவார். மோசமான ஓனர் "நீ கவனமா ஓட்டிருக்கலாம்ல"ன்னு பதில் தந்தி அனுப்புவார். ஒரு டிரைவரை விசாரிக்கப் போனா "அந்த மொதலாளி எத்தனை நாள்ல பணம் அனுப்புவார்?"னு கேப்பாங்களாம். ஒருநாளா, மூணு நாளா, வாரமா. அதுதான் ரேட்டிங். நம்ம ஆட்கள் கம்பெனிக்கு நட்சத்திரம் கொடுக்கற மாதிரி. (தந்தி சேவையையே 2013 ஜூலையில மூடிட்டாங்க.)

சரி, அந்த அரைமணி நேரத்துக்கு வருவோம். லாரி ஆபீசுக்குப் போற டிரைவர் முதலாளியைப் பாக்கறதுக்கு முன்னாடி செட்டுல நிக்கற வண்டியைப் பாப்பார். முன் டயர் ரெண்டையும் கையால தடவிப் பாப்பார். பின்னால ரீட்ரெட் டயர் போட்டா பரவால்ல, எல்லாரும் போடறதுதான். முன்னால ரீட்ரெட் போட்டிருந்தா அந்த ஓனருக்கு உசிரோட விலை தெரியலன்னு அர்த்தம். முன் டயர் வெடிச்சா ஸ்டியரிங் கையில நிக்காது. அப்புறம் தார்ப்பாயும் கயிறும். கிழிஞ்ச தார்ப்பாயை ஒட்டுப்போட்டு ஓட்டறவன் ஆபீஸ்ல மழையில சரக்கு நனைஞ்சா, அந்த நஷ்டம் யார் கணக்குல வரும்? டிரைவர் கணக்குலதான். அப்புறம் ஜாக்கி, ஸ்பேர் டயர், டூல்ஸ் பாக்ஸ். பெட்டி காலியா இருந்தா, முன்னாடி இருந்த டிரைவர் சம்பளப் பாக்கிக்குப் பதிலா அதைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு ஒரு கணக்கு உண்டாம். ஹி ஹி.

விசாரிக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. அங்க ஓட்டற டிரைவர்கிட்ட கேக்கக் கூடாது. அவன் ஒண்ணு ஓனருக்குச் சொந்தக்காரனா இருப்பான், இல்ல தான் கிளம்பறதுக்கு மாத்தாள் தேடறவனா இருப்பான். கிளீனர்கிட்டதான் கேக்கணும். அதுலயும் "ஓனர் எப்படி?"ன்னு கேட்டாப் பிரயோஜனமில்ல. "நீ வந்து எத்தனை டிரைவர் மாறிருக்காங்க?"ன்னு கேக்கணும். அடுத்து டீசல் போடற பங்க்: ஓனருக்கு அங்க கடன் கணக்கு ஒழுங்கா ஓடுதா? அப்புறம் பட்டறை, டயர்க்கடை. மெக்கானிக்குக் காசு பாக்கி வைக்கறவன் டிரைவருக்கும் வைப்பான். நம்மாட்கள் பேலன்ஸ் ஷீட் பாக்கற மாதிரிதான் இது. அங்க ஒரு டீ செலவுல முடிஞ்சிருது!

கணக்கு முடிக்கிற நாளும் முக்கியம். ஒரு நடை முடிஞ்சு வந்தா டீசல், டோல், மாமூல், பஞ்சர், ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாத்தையும் ஒரு சின்ன நோட்டுல எழுதிக் கொண்டுவருவாங்க. சில ஓனர் அன்னைக்கே உக்காந்து பாத்துக் காசைக் கொடுத்து அனுப்புவார். சிலர் "அடுத்த நடைக்குச் சேத்துப் பாத்துக்கலாம்"னு இழுப்பார். இழுத்தா ஒரு பாக்கி நிக்கும். பாக்கி நின்னா டிரைவர் வேற ஆபீசுக்குப் போக முடியாது. இதுக்கு நேர் எதிரா, முன்பணம் கொடுத்து கட்டிப்போடறதும் உண்டு. பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கற முதலாளி நல்லவரா, கெட்டவரா? மாமாகிட்ட கேட்டேன். "குடுக்கும்போது நல்லவரு, நாம போறேன்னு சொல்லும்போதுதான் தெரியும்"னார்.

மாமூல் வேற தனிக் கதை. ஓவர்லோடு ஏத்தச் சொல்றது ஓனர். பிடிபட்டா நிக்கறது டிரைவர். உச்ச நீதிமன்றம் 2005 நவம்பர்ல ஓவர்லோடை ஒழுங்கா தடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2018ல மத்திய அரசே ஆக்சில் லோடு அளவைக் கூட்டிருச்சு. 2019 திருத்தத்துல அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல டன்னுக்கு 2,000. டிரைவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: ஃபைன் யார் தலையில?

எங்க ஊருக்குன்னு ஒரு கேள்வியும் இருக்கு. ஆடித்தபசுக்கு ஊருக்கு விடுவாங்களா? சிரிக்காதீங்க. வருஷத்துல பத்து மாசம் ரோட்டுல இருக்கறவனுக்கு தீபாவளிக்கும் ஆடித்தபசுக்கும் வீட்ல இருக்கறது சம்பளத்துல ஒரு பங்கு. தீபாவளின்னா சிவகாசிச் சரக்கு முன்னாடியே போயிரும், அதனால பெரும்பாலும் கிடைச்சிரும். ஆடித்தபசு மத்த ஊர் ஓனருக்குப் புரியாது. அதுக்காகவே நாமக்கல் பக்கம் நல்ல வேலையை விட்டுட்டு வந்தவங்க உண்டு.

நாமக்கல்னதும் இன்னொண்ணு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரி ஓனர்ல நிறையப் பேர் முன்னாள் டிரைவர்கள். அங்க போய்ச் சேர்றவனோட கணக்கே வேற. இந்த ஓனர் பழைய வண்டியை விக்கறப்ப நமக்குத் தவணையில கொடுப்பாரா? 1979ல சென்னையில ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் ஆரம்பிச்சு, பேங்க் கிட்டயே சேக்காத டிரைவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்ததும் இந்தக் கனவை வச்சுத்தான். எங்க பக்கம் இந்தக் கனவு குறைச்சல்னு நெனக்கறேன். மாமாவுக்கு ஒரு தடவை வாய்ப்பு வந்து, அத்தை வேண்டாம்னுட்டாங்க.

இப்ப அந்தக் கடிக்கிற இடம்.

எந்த டிரைவர்கிட்ட வேணா பேசிப் பாருங்க, சுத்திச் சுத்தி ஒரே கேள்விக்குத்தான் வருவாங்க. "கடைசியா அடிபட்டவனுக்கு என்ன செஞ்சாங்க?" சம்பளம், படி, டயர் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். ஆக்சிடென்ட் ஆனா ஊர் கூடி அடிக்க வரும். அந்த நேரத்துல ஓனர் போனை எடுப்பாரா? ஸ்டேஷனுக்கு வருவாரா, வக்கீலை அனுப்புவாரா, ஜாமீன் எடுப்பாரா? 2024 ஜனவரியில பாரதிய நியாய சன்ஹிதாவோட 106(2) பிரிவை எதிர்த்து (அடிச்சுட்டுத் தகவல் சொல்லாம ஓடினா 10 வருஷம் வரை) வடக்க டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினது ஞாபகமிருக்கா? அந்தச் சட்டம் 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்தப்ப இந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வச்சாங்க. அந்தப் போராட்டத்தை ஓனருங்க நடத்தல, டிரைவருங்களே இறங்கினாங்க.

செத்துப் போயிட்டா? 1923லயே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்துருச்சு. மோட்டார் விபத்து டிரிபியூனலுக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. தப்பு டிரைவர் மேலயே இருந்தா அங்க நிக்கறது கஷ்டம். இந்தச் சட்டத்துல தப்பு யார் மேலன்னு பாக்க மாட்டாங்க, வேலையில இருக்கறப்ப நடந்துச்சான்னுதான் பாப்பாங்க. அதனால டிரைவர் குடும்பத்துக்கு இதுதான் கை கொடுக்கும். கணக்கு எளிது: மாசச் சம்பளத்துல பாதி, அதை வயசுக்குன்னு இருக்கற ஒரு எண்ணால பெருக்கணும். 40 வயசுக்கு அந்த எண் 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் ஒரு உச்சவரம்புக்கு மேல எடுக்க மாட்டாங்க. 2010ல 8,000, 2020 ஜனவரியில 15,000.

2021ல 40 வயசு டிரைவர் ஒருத்தர் வேலையில இறந்தார்னு வைங்க. நிஜமா அவர் மாசம் 20,000 வீட்டுக்குக் கொண்டுவந்தார். எழுத்துல 15,000ஓ அதுக்கு மேலயோ இருந்தா 7,500 x 184.17 = 13,81,275 ரூபாய். ஓனர் எழுத்துல 6,000 சம்பளம், மீதியெல்லாம் படின்னு காட்டிருந்தா 3,000 x 184.17 = 5,52,510. படியைச் சம்பளத்துல சேக்கலாமா கூடாதாங்கறதே கோர்ட்டுல பெரிய வாதம் ஆயிரும். அதே ஆள், அதே ரோடு. வித்தியாசம் எட்டு லட்சத்துக்கு மேல. எழுத்துல ஒண்ணுமே இல்லாட்டி, அவர் அந்த ஓனர்கிட்டதான் வேலை பாத்தார்ங்கறதையே அந்த அம்மா நிரூபிக்கணும்.

மாமாவோட ஓட்டின ஒருத்தர் தொண்ணூறுகள்ல ஆந்திரா பக்கம் இறந்தப்ப இதுதான் நடந்துச்சு. ஓனர் காரியத்துக்கு வந்து பணம் கொடுத்தார், நல்லபடியாத்தான் பேசினார். ஆனா சம்பளத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. அவர் சம்சாரம் கடைசியில தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாங்க. அதுக்கப்புறம் மாமா எந்த ஆபீஸ்ல சேந்தாலும் படியைக் குறைச்சாலும் பரவால்ல, சம்பளத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கன்னு நின்னாராம். ரெண்டு இடத்துல "பெரிய சட்டம் பேசறான்"னு வேலையே கொடுக்கல. (மேலே சொன்ன தொழிலாளர் சட்டங்கள் 2020ல நிறைவேத்தின தொகுப்புச் சட்டங்களுக்குள்ள போயிருச்சு. அது 2025 நவம்பர் 21ல இருந்து அமல். அதுல அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுக்கணும்னு இருக்கு. ரெண்டு லாரி ஓனர்கிட்ட இது எப்ப வந்து சேரும்னு பாக்கணும்.)

இது நம்ம ஊர்ல மட்டும்னு நெனக்க வேண்டாம். அமெரிக்காவுல 1935ல இருந்து லாரித் தொழிலை அரசு கட்டுப்படுத்திச்சு. டீம்ஸ்டர்ஸ் யூனியன் 1964ல நாடு முழுக்க ஒரே சம்பள ஒப்பந்தம் போட்டுச்சு. 1980ல கட்டுப்பாட்டைத் தளர்த்தினாங்க. ஆயிரக்கணக்குல புதுக் கம்பெனி, வாடகை சரிஞ்சுது, சம்பளமும் சரிஞ்சுது. அப்புறம் பல வருஷம் பெரிய தொலைதூரக் கம்பெனிகள்ல டிரைவர் மாறுற வேகம் வருஷத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல. நம்ம ஐ.டி. அட்ரிஷன் எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. அங்கயும் டிரைவர் கேக்கறது அதேதான்: வீட்டுக்கு எப்ப விடுவ, காத்துக்கிடக்கற நேரத்துக்குக் காசு உண்டா?

வளைகுடாவுக்கு டிரெய்லர் ஓட்டப் போன எங்க பக்கத்து ஆட்கள் இன்னொரு கேள்வியைக் கத்துக்கிட்டு வந்தாங்க: பாஸ்போர்ட் யார் கையில இருக்கும்? கஃபீல் நல்லவனா இல்லையாங்கறது அந்த ஒரு விஷயத்துல தெரிஞ்சிருமாம்.

"வீட்டுக்கு எப்ப விடுவ"ங்கறதை ஒரு இந்தியக் கம்பெனி நேரடியா எடுத்துச்சு. 2014ல குர்காவ்ல ஆரம்பிச்ச ரிவிகோ. லாரி மட்டும் ஓடும், டிரைவர் நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரிலே ஓட்டப்பந்தயம் மாதிரி மாறிக்கிட்டே இருப்பார். எதிர்ல வர்ற வண்டியை எடுத்துக்கிட்டு அன்னைக்கே வீட்டுக்குத் திரும்பிரலாம். டிரைவரை "பைலட்"னு கூப்பிட்டாங்க. ஒரு சாப்ட்வேர்க்காரனா எனக்கு அந்த டிசைன் ரொம்ப அழகாத் தெரிஞ்சுது. ஆனா செலவு எகிறிருச்சு. 2022ல அவங்களோட எக்ஸ்பிரஸ் வணிகத்தை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடிக்கு வாங்கிருச்சு. டிரைவரை வீட்டுக்கு அனுப்பறதுக்கான காசை வாடகையில சேத்துக் கொடுக்க சரக்கு அனுப்பறவங்க தயாரா இல்லன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன்.

இன்னைக்கு ஜிபிஎஸ்ஸும் பாஸ்டேக்கும் வந்தாச்சு. 2017ல ஜிஎஸ்டிக்கு அப்புறம் வணிகவரிச் செக்போஸ்ட் இல்ல. வாளையார்ல நாள்கணக்கா வரிசையில கிடந்த கதையெல்லாம் மாமா சொல்லித்தான் கேக்கணும். 2025ல இருந்து புதுசா தயாராகிற லாரிகள்ல ஏ.சி. கேபின் கட்டாயம். ஆனா நேஷனல் பர்மிட் வண்டியில ரெண்டு டிரைவர் இருக்கணும்னு இருந்த விதியை 2018ல எடுத்துட்டாங்க. கிளீனர்ங்கற ஆளும் பாதி வண்டியில இல்ல. ஜிபிஎஸ்ஸை டிரைவர்கள் ரெண்டு விதமாப் பாக்கறாங்க. வண்டி எங்க நிக்குதுன்னு தெரியறதால "டீசல் அடிச்சியா"ன்னு சந்தேகப்படறது குறைஞ்சிருச்சு. ஆனா ரோட்டோரம் ஒரு மணி நேரம் கண்ணசந்தா "ஏன் நிக்குது?"ன்னு போன் வந்துரும். அதனால புதுசா ஒரு கேள்வி சேந்திருக்கு: ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ற ஓனரா?

2020ல சேவ்லைஃப் அறக்கட்டளை 10 நகரங்கள்ல டிரைவர்கள்கிட்ட எடுத்த ஆய்வுல, 84 சதவீதம் பேர் சொந்தக்காரங்க யாரையும் இந்தத் தொழிலுக்கு வரச் சொல்ல மாட்டோம்னு சொல்லிருக்காங்க. எங்க வீட்லயே மாமா தன் ரெண்டு பையன்களையும் ஸ்டியரிங் பக்கம் அண்ட விடல. கிளீனரா ஏறி, பக்கத்துல உக்காந்து, முன் டயரைத் தடவக் கத்துக்கிட்டு டிரைவர் ஆகற வழி அடைஞ்சிருச்சு. இப்ப ஓட்டுநர் பள்ளியில படிச்சு நேரா லைசென்ஸோட வர்ற பையனுக்கு, கிளீனர்கிட்ட போய் "எத்தனை டிரைவர் மாறிருக்காங்க?"ன்னு கேக்கணும்னு யார் சொல்லித் தருவா? கேக்கறதுக்கு அந்த வண்டியில கிளீனரும் இல்லையே.

நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க பக்கம் டிரைவர்கள் முதல்ல என்னத்தக் கேப்பாங்கன்னு வீட்ல பெரியவங்ககிட்ட விசாரிச்சு ஒரு பதிவு போடுங்களேன். வாடகையில சதவீதம் பேசற முறை அங்க எப்ப ஆரம்பிச்சுதுன்னும் சேத்துக் கேளுங்க.